ஊரைக் காத்த கதவு

ஜப்பான் நாட்டின் வடகிழக்குக் கரையில் ஒரு சிறிய மீனவக் கிராமம். அதன் பெயர் ஃபுதாய்.

அந்தக் கிராமத்துக்கு ஒரு கதவு உண்டு. வீட்டுக் கதவு அல்ல. கோட்டைக் கதவும் அல்ல. ஆற்றின் குறுக்கே, கான்கிரீட்டாலும் இரும்பாலும் எழுப்பிய மதகுக் கதவு. உயரம் 51 அடி. அகலம் 672 அடி!

நம் ஏரிகளில் மதகு இருக்கிறது. அது தண்ணீரை உள்ளே தேக்கி வைக்கிறது. ஃபுதாய் மதகின் வேலை வேறு. கடலை ஊருக்குள் வராமல் வெளியே நிறுத்துவதுதான் அதன் வேலை.

கதவு கட்டி முடிந்த ஆண்டு 1984. அதன் பிறகு 26 ஆண்டுகள் அது எந்தப் பெரிய அலையையும் சந்திக்கவில்லை. சும்மா நின்றது. "பணத்தை இப்படிக் கொட்ட வேண்டுமா?" என்று முகம் சுளித்தவர்கள் உண்டு.

2011-ம் ஆண்டு மார்ச் மாதம் 11-ந் தேதி, கதவுக்கு வேலை வந்தது. அந்த ஒரு நாளில் ஊர் பிழைத்தது.

அந்தக் கதவு எப்படி வந்தது? ஏழைக் கிராமம் ஒன்றுக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து கிடைத்தது? ஊர் வேண்டாம் என்றபோதும் அதை விடாப்பிடியாகக் கட்டியவர் யார்?

கடல் கொண்ட இரவுகள்

"சுனாமி" என்பது ஜப்பானியச் சொல். "சு" என்றால் துறைமுகம். "நாமி" என்றால் அலை. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதிக்குப் பிறகு இந்தச் சொல்லைத் தெரியாத தமிழர் இல்லை. அன்று தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேரைக் கடல் கொண்டுபோயிற்று.

ஃபுதாய் இருக்கும் கரைக்கு சன்ரிகுக் கரை என்று பெயர். அங்கே சுனாமி புதிதல்ல. பாட்டன் காலத்திலும் வந்தது. தந்தை காலத்திலும் வந்தது.

1896-ம் ஆண்டு ஜூன் 15. அன்று ஆண் குழந்தைகளுக்கான திருநாள். வீடுகளில் விருந்தும் கொண்டாட்டமுமாக இருந்தது. மாலையில் பூமி லேசாக அசைந்தது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அரைமணி நேரம் கழித்து, இருட்டில், கடல் மலைபோல் எழுந்து வந்தது.

அந்தக் கரை முழுவதிலும் ஏறக்குறைய 22,000 பேர் மாண்டார்கள். ஃபுதாய் கிராமத்தில் 302 பேர்.

நடுக்கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆழ்கடலில் சுனாமி அலை உயரமாக இராது. படகுக்கு அடியில் நழுவிப் போய்விடும். கரையை நெருங்கும்போதுதான் அது எழும். அந்த மீனவர்கள் பொழுது விடிந்து திரும்பி வந்தார்கள். வீடு இல்லை. மனைவி மக்கள் இல்லை.

37 ஆண்டுகள் சென்றன. 1933-ம் ஆண்டு மார்ச் 3. பின்னிரவு இரண்டரை மணி. கடுங்குளிர். மீண்டும் பூமி நடுங்கியது. மீண்டும் கடல் வந்தது. கரை முழுவதிலும் 3,000 பேர் வரை மாண்டார்கள். ஃபுதாயில் 137 பேர்.

இரண்டையும் கூட்டினால் 439 உயிர். ஒரு சிறு கிராமத்துக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு!

மண்ணுக்குள்ளிருந்து வந்த பிணங்கள்

1933-ல் அந்த ஊரில் ஒரு வாலிபர் இருந்தார். பெயர் கொதோகு வாமுரா. வயது இருபத்துச் சொச்சம்.

மண்மேட்டைத் தோண்டத் தோண்டப் பிணங்கள் வந்தன. அதை அவர் கண்ணால் பார்த்தார். பேச வாய் எழவில்லை. பல ஆண்டுகள் கழித்துத் தம் வாழ்க்கையைப் பற்றிப் புத்தகம் எழுதியபோதும், அந்தக் காட்சியை அவரால் மறக்க முடியவில்லை.

1947-ம் ஆண்டு அந்த வாலிபர் கிராமத் தலைவர் ஆனார். ஜப்பானில் கிராமத் தலைவரை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்தலுக்குத் தேர்தல் ஊர் அவரையே தேர்ந்தெடுத்தது. பத்து முறை! 1987 வரை 40 ஆண்டுகள் அவர் பதவியில் இருந்தார்.

பதவி ஏற்றபோது ஊரின் நிலை என்ன? போர் முடிந்து இரண்டே ஆண்டுகள். நாடே பட்டினியில் கிடந்தது. ஃபுதாயோ மலைக்கும் கடலுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஊர். மீனும் கடற்பாசியும்தான் பிழைப்பு. அந்த ஊருக்கு ரயில் வந்ததே 1975-ல்தான்.

சாலை வேண்டும். பள்ளிக்கூடம் வேண்டும். படகுத்துறை வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். வாமுரா எழுதிய புத்தகத்தின் பெயரே "வறுமையோடு 40 ஆண்டுப் போராட்டம்" என்ற பொருள்படும். அவருடைய கிராமத்தின் கணக்குப் புத்தகத்துக்கும் அதே தலைப்பு பொருந்தும்.

இப்படிப்பட்ட ஊரில், என்றோ ஒரு நாள் வரப்போகும் அலைக்காக யார் பணம் ஒதுக்குவார்கள்? வாமுரா ஒதுக்கச் சொன்னார்.

முதலில் அளவு, பிறகு செலவு

பொதுவாக ஓர் ஊராட்சி எப்படிக் கணக்குப் போடும்? "கையில் எவ்வளவு இருக்கிறது? அதற்கு எவ்வளவு உயரச் சுவர் கட்டலாம்?" என்று பார்க்கும்.

வாமுரா அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார். "வரக்கூடிய அலை எவ்வளவு உயரம்?" இதுதான் அவருடைய முதல் கேள்வி. பணத்தைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான்.

அலையின் உயரத்தை யாரிடம் கேட்பது? ஊர்ப் பெரியவர்களிடம் விடை இருந்தது. 1896-ல் வந்த அலை 15 மீட்டர், அதாவது ஏறக்குறைய 50 அடி என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லி வந்த செய்தி. வாமுரா அதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடவில்லை. சுவர் 15 மீட்டருக்கு மேல் இருந்தே தீரவேண்டும் என்றார்.

மற்ற ஊர்கள் என்ன செய்தன? 1960-ம் ஆண்டு தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் மிகப் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. அங்கே எழுந்த அலை பசிபிக் மாக்கடலைத் தாண்டி, ஏறக்குறைய ஒரு நாள் பயணம் செய்து, ஜப்பான் கரையைத் தாக்கியது. அதன் பிறகு பல ஊர்களில் சுவர்கள் எழுந்தன. ஆனால் அந்த அலையின் உயரம் சில மீட்டர்தான். அதையே அளவாக வைத்து, சில மீட்டர் உயரச் சுவரோடு நின்ற ஊர்கள் பல. கடைசியாக வந்த அலையை அவர்கள் நினைவில் வைத்தார்கள். பெரிதாக வந்த அலையை மறந்தார்கள்.

ஃபுதாயில் முதல் சுவர் 1967-ல் முடிந்தது. ஓதானபே என்ற மீன்பிடித் துறைக்குப் பின்னால், வீடுகளைக் காக்க எழுந்த சுவர் அது. உயரம் 15.5 மீட்டர். அதாவது 51 அடி.

"இவ்வளவு பெரிதா?"

சுவர் கட்டியும் வாமுராவுக்கு நிம்மதி இல்லை. ஊரின் பெரும் பகுதி ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்தது. ஆறு கடலில் கலக்கும் வாய் திறந்தே கிடந்தது. சுனாமிக்கு அது ராஜபாட்டை. கடல் அந்த வழியாக ஏறினால், நேரே வீடுகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வந்துவிடும்.

அங்கே சுவர் கட்ட முடியாது. ஆறு ஓடவேண்டும். வண்டிகள் போக வேண்டும். ஆகையால் மதகுக் கதவு ஒன்றுதான் வழி. மற்ற நாட்களில் திறந்திருக்கும். ஆபத்து நேரத்தில் மூடும். அதைக் கடலோரத்திலேயே கட்டாமல், சற்று உள்ளே தள்ளி, இரண்டு பக்கமும் மலை நெருங்கி வரும் இடத்தில் கட்டுவது என்று முடிவாயிற்று.

செலவு? 356 கோடி யென். யென் என்பது ஜப்பான் நாணயம்.

கிராம சபை உறுப்பினர்களே தயங்கினார்கள். இத்தனை பெரிய கதவு தேவைதானா என்று கேட்டார்கள். விவாதம் நீண்டது. நிலம் கொடுக்க வேண்டியவர்கள் மறுத்தார்கள். உழுது பிழைக்கும் மண்ணை, வருமோ வராதோ என்று தெரியாத அலைக்காக யார்தான் மனம் உவந்து கொடுப்பார்கள்?

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 1933-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் அதற்குள் பெரியவர்களாகிவிட்டார்கள். பெரிய அலையை அவர்கள் பார்த்ததில்லை. சாலைக்கும் பள்ளிக்கும் பணம் கேட்டது நியாயமான கோரிக்கைதான்.

வாமுரா வளைந்து கொடுக்கவில்லை. ஊரைத் திரும்பத் திரும்பச் சந்தித்துப் பேசினார். செத்தவர்களின் கணக்கைச் சொன்னார். மூன்றாம் முறையும் அப்படி நடக்க விடக்கூடாது என்றார்.

பணம் வந்த வழி

கிராமத்தின் வருமானத்தில் 356 கோடி யென் என்பது கனவிலும் நடக்காத காரியம். ஆனால் கிராமம் தனித் தீவல்ல. மேலே மாகாண அரசு இருக்கிறது. அதற்கும் மேலே நாட்டின் அரசு இருக்கிறது. கரையோரப் பாதுகாப்புப் பணிகளுக்கு அவர்களிடம் நிதி உண்டு. அந்த நிதியைக் கேட்டு வாங்கும் உறுதி கிராமத்துக்கு வேண்டும்.

வாமுரா கேட்டார். கதவின் செலவை மாகாண அரசும் மத்திய அரசும் பங்கிட்டுக்கொண்டன. 1972-ல் தொடங்கிய திட்டம், 12 ஆண்டுகள் கழித்து 1984-ல் முடிந்தது.

உள்ளூர் ஆட்சியின் சாமர்த்தியம் இதில்தான் இருக்கிறது. ஊரின் ஆபத்து என்ன என்பது ஊருக்குத்தான் தெரியும். தலைநகரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஊர் தன் ஆபத்தைச் சரியாக அளந்து சொன்னால், மேலே உள்ளவர்கள் பணம் தர வழி பிறக்கும். ஊரே பேசாமல் இருந்தால், யாரும் தேடி வந்து தரமாட்டார்கள்.

1987-ல் வாமுரா பதவியிலிருந்து விலகினார். விடைபெறும்போது ஊழியர்களுக்கு ஒரு புத்திமதி சொன்னார். எதிர்ப்பு வந்தாலும் நம்பிக்கையை விடாமல் தொடங்கிய வேலையை முடியுங்கள், மக்கள் கடைசியில் புரிந்துகொள்வார்கள் என்பதே அதன் சாரம்.

1997-ல், 88-வது வயதில் அவர் காலமானார். தாம் கட்டிய கதவு வேலை செய்வதை அவர் பார்க்கவே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை

2011 மார்ச் 11. வெள்ளிக்கிழமை. பிற்பகல் 2 மணி 46 நிமிடம். கடலுக்கடியில் பூமி பிளந்தது. நிலநடுக்கத்தின் அளவு 9.0. ஜப்பான் கண்டறிந்தவற்றில் இதுவே மிகப் பெரியது.

ஃபுதாயில் அப்போது ஏறக்குறைய 3,000 பேர் வசித்தார்கள்.

எச்சரிக்கை வந்தது. கதவை மூடும் விசை அழுத்தப்பட்டது. நான்கு பெரிய கதவுகளும் இறங்கின. ஆனால் பக்கவாட்டில் இருந்த சிறிய கதவுகள் பாதியில் சிக்கி நின்றுவிட்டன!

356 கோடி யென் செலவழித்த கதவு. பக்கத்தில் ஒரு வழி திறந்து கிடக்கிறது. கடலோ புறப்பட்டுவிட்டது.

தீயணைப்பு வீரர் ஒருவர் கீழே ஓடினார். கையாலேயே அந்தக் கதவுகளை இழுத்து மூடினார்.

பிறகு அலை வந்தது. கரையில் இருந்த மரங்களை முறித்தது. துறையில் இருந்த படகுகளை வாரிச் சென்றது. கதவின் மேல் மோதியது. கதவைவிட உயரமாக எழுந்து மேலே ஏறியும் வழிந்தது. அலை எட்டிய அடையாளம் கோபுரத்தில் 66 அடி உயரத்தில் இருந்தது.

ஆனால் கதவு உடையவில்லை. அலையின் வலிமை அங்கேயே அடங்கிப்போயிற்று. வழிந்த தண்ணீர் ஆற்றோடு சிறிது தூரம் போய் நின்றது. வீடுகளைத் தொடவில்லை. சில நிமிட நடைத் தூரத்தில் இருந்த பள்ளிக்கூடத்தையும் தொடவில்லை. ஓதானபே சுவருக்குப் பின்னால் இருந்த வீடுகளும் தப்பின.

ஊரில் காணாமற்போனவர் ஒரே ஒருவர். நிலநடுக்கம் ஓய்ந்ததும் தம் படகைப் பார்க்கத் துறைக்குப் போனவர் அவர்.

ஜப்பான் முழுவதிலும் அன்று 15,000-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2,500 பேர் வரை காணாமற்போனார்கள். அதே மாகாணத்தில் உள்ள தாரோ என்ற ஊரில், 33 அடி உயரமும் ஒன்றரை மைல் நீளமும் உள்ள பெரிய சுவர் இருந்தது. உலகமே வந்து பார்த்துப் போற்றிய சுவர் அது. அலை அதைத் தாண்டி உள்ளே புகுந்தது. அங்கே பலர் மாண்டார்கள்.

33 அடிக்கும் 51 அடிக்கும் வித்தியாசம் 18 அடி. "இவ்வளவு உயரம் எதற்கு?" என்று ஊர் கேட்டது அந்த 18 அடியைத்தான்!

காசு கேட்காத கவசம்

சுவர் இருந்தால் போதுமா? போதாது. இதையும் அதே நாள் சொல்லிக் கொடுத்தது.

காமாய்ஷி என்பது அதே கரையில் உள்ள ஒரு நகரம். அதன் வளைகுடாவில் 200 அடி ஆழக் கடலில் இருந்து எழுப்பிய பெரிய அலைத்தடுப்பு இருந்தது. முப்பது ஆண்டு வேலை. 2009-ல்தான் முடிந்தது. இரண்டே ஆண்டுகளில் சுனாமி அதை உடைத்தது. அலையின் வேகத்தை அது சற்றுத் தணித்தது உண்மைதான். ஆனாலும் நகரில் ஏறக்குறைய ஆயிரம் பேர் மாண்டார்கள்.

ஆனால் அந்த நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஏறக்குறைய 3,000 பேரில், மிகச் சிலரைத் தவிர எல்லோரும் தப்பினார்கள். எப்படி?

சில ஆண்டுகளாகவே அவர்களுக்குப் பள்ளியில் பயிற்சி கொடுத்து வந்தார்கள். வரைபடத்தில் போட்ட ஆபத்துக் கோட்டை நம்பி இருந்துவிடாதே. உன்னால் முடிந்த அளவு மேலே ஏறு. பிறருக்காகக் காத்திராமல் நீயே முதலில் ஓடு. நீ ஓடுவதைப் பார்த்து மற்றவர்களும் ஓடுவார்கள். பாடம் இவ்வளவுதான்.

அன்று பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஓடினார்கள். அதைப் பார்த்து, பக்கத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் கூடவே ஓடினார்கள். பெரியவர்கள் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். குறித்து வைத்த இடத்தை அடைந்தபின்பும் நிற்கவில்லை. மேலும் ஏறினார்கள். அங்கும் நிற்காமல் இன்னும் மேலே ஏறினார்கள். அவர்கள் விட்டுவந்த இடத்தை அலை விழுங்கியது.

இந்தப் பயிற்சிக்கு அதிகச் செலவில்லை. வேண்டியது சில மணி நேரமும், அக்கறையுள்ள ஆசிரியர்களும்தான்.

கதவை மூடியவர்களின் கதை

இன்னொரு பாடமும் உண்டு. அது துயரமான பாடம்.

ஜப்பானில் ஊருக்கு ஊர் தொண்டர் தீயணைப்புப் படை இருக்கிறது. மீனவரும், கடைக்காரரும், விவசாயியும்தான் அதில் வீரர்கள். ஆபத்து வந்தால் சொந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். கரையோரக் கதவுகளை மூடுவார்கள். முதியவர்களைத் தூக்கிச் செல்வார்கள்.

2011 மார்ச் 11 அன்று அந்தப் படையில் 250-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கதவை மூடப் போய்த் திரும்பாதவர்களும் அவர்களில் உண்டு.

ஊரைக் காப்பவர்களைக் காப்பது யார்? அதற்குப் பிறகுதான் இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. குறித்த நேரம் வந்துவிட்டால், வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் வீரர்கள் மேட்டுக்குப் போய்விட வேண்டும் என்று விதி செய்தார்கள். ஃபுதாய் இருக்கும் இவாத்தே மாகாணத்தில், எச்சரிக்கை வந்தவுடன் ஆள் போகாமலே தானாக மூடும்படி பல கரையோரக் கதவுகளை மாற்றி அமைத்தார்கள்.

கதவுக்குச் செலவழித்தால் மட்டும் போதாது. அதை மூடும் கைக்கும் செலவழிக்க வேண்டும்.

கல்லறையில் கூடிய ஊர்

வெள்ளம் வரும்போது வாங்கும் படகைவிட, வருவதற்கு முன் தூர்வாரும் வாய்க்கால் பல உயிரைக் காக்கும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் படகு வாங்குவதை ஊர் பார்க்கிறது, பாராட்டுகிறது. வாய்க்கால் தூர்வாருவதை யாரும் பார்ப்பதில்லை. வராத வெள்ளத்துக்கு யார் மாலை போடுவார்கள்?

முன்னேற்பாட்டுக்குச் செலவழிக்கும் ஊராட்சித் தலைவரின் கஷ்டம் இதுதான். செய்தால் வீண்செலவு என்பார்கள். செய்யாவிட்டால், ஆபத்து வந்த பிறகு ஏன் செய்யவில்லை என்பார்கள். இதைத் தாங்கிக்கொள்ளும் நெஞ்சுரம் ஒரு கிராமத் தலைவருக்கு இருந்தது. அவர் அலையின் அளவை ஊராரின் நினைவிலிருந்து எடுத்தார். பணத்தை மேலிருந்து கேட்டு வாங்கினார். வசவைத் தாமே வாங்கிக்கொண்டார்.

ஃபுதாய் துறைமுகத்துக்கு வெளியே இருந்த படகுகளும் மீன் கொட்டகைகளும் போய்விட்டன. பிழைப்பு போயிற்று. ஆனால் பிழைப்பை மீண்டும் தொடங்க ஆட்கள் இருந்தார்கள். அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். பிள்ளைகள் இருந்தார்கள்.

சுனாமி வந்து போன பிறகு, அந்த ஊர் மக்கள் வாமுராவின் கல்லறையைத் தேடிச் சென்றார்கள். அங்கே நின்று தலை வணங்கினார்கள். இந்தக் கதவு எதற்கு என்று கேட்டு வளர்ந்த தலைமுறையும் அவர்களில் உண்டு.

அவர் சொன்னது பலித்துவிட்டது. ஊர் புரிந்துகொண்டது. அவர் காலமாகி அப்போது 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.